மண்டையோடுகளை வரிசையில் நிறுத்தாதீர்கள்

மட்டக்களப்பில் ஏ.எல். உயிரியல் படிக்கும் பிள்ளைகளிடம் மனிதக் கூர்ப்பை வரையச் சொன்னால் அநேகமாக ஒரே படம்தான் வரும்: குனிந்த குரங்கு, அரைவாசி நிமிர்ந்த ஒன்று, கடைசியில் மனிதன். மண்டையோடுகளையும் அப்படியே சிறிது, பெரிது என்று அடுக்கிவிடுகிறார்கள். மற்றக் குழப்பமெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

மூளை பெருத்த பிறகுதான் மனிதன் நிமிர்ந்து நடந்தான் என்று எழுதாதீர்கள். ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களே அதை நம்பினார்கள். 1912இல் இங்கிலாந்தின் பில்டவுனில் பெரிய மண்டையும் குரங்குத் தாடையும் சேர்ந்து ‘கிடைத்தபோது’ பலர் ஆவலோடு ஏற்றுக்கொண்டார்கள். 1924இல் தென்னாபிரிக்காவின் டவுங்கில் கிடைத்த குழந்தை மண்டையோட்டைப் பற்றி உடற்கூற்றியலாளர் ரேமண்ட் டார்ட் எழுதியபோதோ பலர் கணக்கெடுக்கவே இல்லை. அதன் மூளை சிறியது. ஆனால் முண்ணாண் வெளியேறும் துளை பின்பக்கமாக இல்லாமல், மண்டையின் அடியில் முன்தள்ளி இருந்தது. அதாவது தலை முதுகெலும்பின் மேல் நேராக நின்றது. இரண்டு காலில் நடந்த உயிர். பில்டவுன் மோசடி 1953இல்தான் அம்பலமானது. தாடை ஒராங்குட்டானுடையது, பல்லை அராவியிருந்தார்கள்! ஆகவே பரீட்சையில் மண்டையோட்டுப் படம் வந்தால் நெற்றியைப் பார்க்க முதல் அந்தத் துளையைத் தேடுங்கள்.

சிறிய மூளை என்றால் பழையது என்பதும் சரிவராது. தென்னாபிரிக்காவில் வாழ்ந்து அழிந்த ஹோமோ நலெடி என்ற மனித இனத்துக்கு மூளை ஏறத்தாழ 500 கன சென்ரிமீற்றர்தான். எங்களுக்குச் சராசரி 1350 அளவில். ஆனால் நலெடி வாழ்ந்தது வெறும் 3,35,000 முதல் 2,36,000 ஆண்டுகளுக்கு முன். அழிந்துபோன இன்னொரு மனித இனமான நியண்டர்தாலின் மூளையோ எங்களுடையதைவிடச் சிறியதே அல்ல.

நலெடியின் காலத்துக்குக் கிட்டவே மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூதில் எங்கள் ஹோமோ சேப்பியன்ஸ் இனத்தவர் இருந்தார்கள். 1961இல் அங்குள்ள சுரங்கத்தில் கிடைத்த மண்டையோடு முதலில் நியண்டர்தால் வகையாகவே கருதப்பட்டது. அங்கே தீயில் சூடேறிய கற்கருவிகளைக் கொண்டு கணித்த வயது 2017இல் வெளியானது: சுமார் 3 இலட்சம் ஆண்டுகள். முகம் எங்களைப் போல, மண்டைப் பெட்டி மட்டும் நீண்டு தாழ்ந்தது. எங்கள் அடையாளங்கள் எல்லாம் ஒரே நாளில் வந்து சேரவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அதற்காக மனிதன் மொரோக்கோவில் பிறந்தான் என்று எழுதிவிடாதீர்கள். ஆபிரிக்காவில் எந்த ஒரு மூலையையும் அப்படிச் சுட்ட முடியாது. பழைய ரியூட்களில் (ரியூசன் குறிப்புகளில்) எதியோப்பியாவின் ஓமோ மண்டையோட்டுக்கு 1,95,000 ஆண்டு என்று இருக்கும். 2022இல் அது குறைந்தது 2,30,000 என்று திருத்தப்பட்டது.

சிம்பன்சியிலிருந்து வந்தோம் என்பதும் பிழை. இருவருக்கும் பொது மூதாதை ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் இலங்கையின் வரலாற்றுக்கு முந்திய பலாங்கொடை மனிதன். அவனை அரைக்குரங்காகக் கற்பனை செய்கிறவர்கள் நிறையப் பேர். அவன் முழுமையான ஹோமோ சேப்பியன்ஸ். வாகரைப் பக்கம் தமிழ் பேசி வாழும் கரையோர வேடரையும் சிலர் ஆதிமனிதரின் மிச்சம் என்று கதைப்பதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அவர்கள் மண்டையோட்டுக்கும் உங்கள் மண்டையோட்டுக்கும் இனம் ஒன்றுதான்.