வலிக்கு முன் வண்டியைப் பேசி வையுங்கள்

மஞ்சூர்ப் பக்கம் எஸ்டேட் லைன்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருபது வருஷத்துக்கு மேல் கிராமச் செவிலியராக நடந்தவள் நான். மாசமாக இருக்கிற பெண்களிடம் நான் முதலில் கேட்பது வண்டியைப் பற்றித்தான். ஊட்டிக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஆடி மழையில் மரம் சாய்ந்தால் அந்தக் கணக்கும் போச்சு. 108-ஐக் கூப்பிடலாம், ஆனால் லைனில் எந்த இடத்தில் சிக்னல் எடுக்கும் என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். பக்கத்து ஜீப்காரர் நம்பரைச் சுவரில் எழுதி வையுங்கள்.

கடைசி மாதத்தில் சூட்டு வலி வந்து வந்து போகும். சீரகத் தண்ணீர் குடித்துக் கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்கிவிடும். பிரசவ வலி அடங்காது. இடுப்பில் பிடித்து அடிவயிற்றுக்கு வரும். நேரம் ஆக ஆக நெருங்கும், கூடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி வந்ததும் கிளம்பு என்பார்கள். அது ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பவர்களுக்கு. நாம் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராக வந்தாலே கிளம்பிவிட வேண்டும். இரண்டாவது பிரசவம் என்றால் இன்னும் முன்னால்.

பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். தண்ணீர் பச்சையாக இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், உடனே கிளம்புங்கள். ரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைவது, 37 வாரத்துக்கு முன்பே வலி, இவற்றுக்கும் அப்படித்தான்.

ஒரு வீட்டில் பனிக்குடம் உடைந்தும் விடியட்டும் என்று இருந்துவிட்டார்கள். குழந்தை வழியில் ஜீப்பிலேயே பிறந்தது. நல்லவேளை, கூட நான் இருந்தேன். துடைத்து, தாயின் வெறும் மார்பில் போட்டு, இருவரையும் என் சால்வையால் மூடினேன். தொப்புள்கொடியை வெட்டவில்லை, நஞ்சுக்கொடியை இழுக்கவுமில்லை. யாருக்கு அப்படி நேர்ந்தாலும் இதையே செய்யுங்கள். பிளேடைத் தேடாதீர்கள்.

பிரசவ அறையில் தலைச்சனுக்கு நேரம் பிடிக்கும். கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் திறக்க வேண்டும். அதுவரை நடக்கலாம், இடதுபுறம் சாய்ந்து படுக்கலாம். நர்ஸ் சொல்லும் முன் முக்கினால் வீணாகக் களைத்துப்போவீர்கள். பிறந்ததும் தொடையில் போடும் ஊசி ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த, பயப்படாதீர்கள்.

சீம்பாலை ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள், சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க வேண்டாம்.

பையில் மகப்பேறு அட்டை, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண், ஸ்வெட்டர், குல்லா, காலுறை, பழைய பருத்திப் புடவைகள். மழைக் காலத்தில் துணி காயவே காயாது, ஒரு மாதம் முன்பே துவைத்து வைத்துவிடுங்கள். திரும்பி வர 102 வண்டி இலவசம்.

வீட்டில் குளிர் என்று கரி நெருப்புச் சட்டியை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் வாயுவுக்கு மணமே கிடையாது, தாயும் பிள்ளையும் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். பிள்ளையை முதல் நாள் குளிப்பாட்டாமல், உங்கள் மார்போடு அணைத்துக்கொண்டு போர்த்திக்கொள்ளுங்கள்.