புலிக் காட்டுக்கு முன்னால் பேரே வாவி: கொழும்பிலிருந்து தொடங்குபவர்களுக்கு

புலியைப் படமெடுக்க இந்தியாவுக்கு விமானச் சீட்டைப் போட்டுவிட்டு, "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு அதிகம். தயவுசெய்து இந்த வரிசையை மாற்றுங்கள். புலி பாதையைக் கடக்கப் பத்து விநாடி போதும். அந்தப் பத்து விநாடியில் பொத்தானைத் தேடக்கூடாது. விரல்கள் பழகியிருக்க வேண்டும், அந்தப் பழக்கத்தைக் கொழும்பிலேயே பெறலாம்.

முதல் படி: கமராவைத் தயார் செய்தல்

கமரா எதுவாகவும் இருக்கட்டும். லென்ஸ்தான் முக்கியம். 100-400 அல்லது 150-600 மில்லிமீற்றர் போதும். விலை அதிகம் என்றால் பயணத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். சட்டர் வேகத்தை 1/1000 விநாடியில் வையுங்கள், ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) தானியங்கியில் விட்டு 6400 வரை அனுமதியுங்கள். ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறையில் இருக்கட்டும். நிக்கோன், சோனியில் அது ஏஎஃப்-சி, கெனனில் செர்வோ. படங்களை ரா (RAW) வடிவில், அதாவது கமரா சுருக்காத மூலக் கோப்பாகப் பதியுங்கள்.

இரண்டாம் படி: வாவிக்கரையில் ஒரு மாதம்

பேரே வாவியில் கூழைக்கடாக்கள் இருக்கின்றன. ஞாயிறு காலை ஆறரைக்குப் போய் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது தண்ணீரில் இறங்கும் வரை கமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பின்தொடருங்கள். முதல் நாள் தலை வெட்டுப்படும், இறகு மங்கும். நாலாவது ஞாயிறு உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

வெளிச்சத்தையும் இங்கேயே படிக்கலாம். கரிய தண்ணீருக்கு முன்னால் வெளிறிய பறவை நின்றால் கமரா ஏமாந்து படத்தை அதிகம் வெளுப்பாக்கும், இறகின் வரிகள் அழிந்துபோகும். எக்ஸ்போஷர் திருத்தத்தை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -0.7க்கு இறக்குங்கள். அதே பறவை வெள்ளை வானத்தில் பறந்தால் +1க்கு ஏற்றுங்கள். இருண்ட மூங்கில் புதருக்கு முன்னால் வெயில் பட்டு நிற்கும் புலிக்கும் அந்த -0.7 கணக்குத்தான்.

நேரம் கிடைத்தால் பெத்தகான சதுப்புநிலப் பூங்காவுக்கும் தலவத்துகொடையில் உள்ள தியசரு பூங்காவுக்கும் போங்கள். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அறிவிக்கப்பட்டது. இவ்வளவு நெரிசலான நகரத்துக்குள் இப்படியொரு வகுப்பறை கிடைத்திருப்பது நமக்குப் பெரிய கொடுப்பினை.

மூன்றாம் படி: வில்பத்து

இலங்கையில் வரிப்புலி கிடையாது. நம் ஆட்கள் பேச்சில் புலி என்று சொல்வது சிறுத்தையைத்தான். சிங்களத்தில் சொல்லும் 'கொட்டியா' இலங்கைச் சிறுத்தையின் அறிவியல் பெயரிலேயே இருக்கிறது. அந்தச் சிறுத்தையைப் படமெடுத்துப் பழக யால, வில்பத்து தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. யாலவில் ஜீப்புகள் அதிகம், அதனால் பழகுபவர்களுக்கு நான் வில்பத்தைத்தான் சொல்வேன். வாயில் காலை ஆறு மணிக்குத் திறக்கும். கொழும்பிலிருந்து புத்தளம் வழியாகப் போக நாலு மணிநேரம் வையுங்கள். இரவு ஒன்றரைக்கே புறப்படுவது நல்லது.

ஜீப்பில் முக்காலி உதவாது. ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ சம்பா அரிசியைப் போட்டு வாயைத் தைத்துவிடுங்கள். ஜீப்பின் கம்பியில் அந்தப் பையை வைத்து, அதன் மேல் லென்ஸை அழுத்தினால் அசையாது. சாரதியிடம் முன்கூட்டியே, "மிருகம் வந்தால் இன்ஜினை நிறுத்துங்கள் அண்ணா" என்று சொல்லிவிடுங்கள். ஓடும் இன்ஜினின் அதிர்வு அரிசிப்பையையும் தாண்டி வரும்.

இங்கே எனக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். வில்லு (வில்பத்தில் உள்ள இயற்கைக் குளம்) ஒன்றின் கரையில் காலை நிலக்காட்சி எடுக்க வேகத்தை 1/60க்கு இறக்கியிருந்தேன். திருப்பி ஏற்றவில்லை. அடுத்த வளைவில் சிறுத்தை மணல்பாதையைக் கடந்தது. பதினான்கு படம், பதினான்கும் மங்கல். அன்றிலிருந்து ஜீப் நகர ஆரம்பித்தாலே என் விரல் முதலில் 1/1000க்குத்தான் போகும். நீங்களும் இதைப் பழக்கமாக்குங்கள்.

நான்காம் படி: காட்டைக் காதால் கேட்டல்

மிருகத்தைத் தேடுவதைவிட, மற்ற மிருகங்கள் சொல்வதைக் கேட்பதுதான் சஃபாரியின் பாதி வேலை. புள்ளிமான் சின்ன விஷயத்துக்கும் பதறிக் கத்தும். மரை (தமிழ்நாட்டில் கடமான்) அப்படியில்லை. அதன் கனத்த ஒற்றைக் கத்தல் கேட்டால் பெரும்பாலும் புலியோ சிறுத்தையோ அருகில் இருக்கும். மந்தி மரத்தின் மேலிருந்து பார்ப்பதால், அது எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கத்துகிறதோ அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்புங்கள்.

ஐந்தாம் படி: புலிக் காடு

முதல் பயணத்துக்குத் தமிழ்நாட்டின் முதுமலையும் அதை ஒட்டிய கர்நாடகாவின் பந்திப்பூரும் நல்ல தேர்வு. பந்திப்பூர் 1973இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபோதே சேர்ந்த காடு. முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வாகனத்தில் போகலாம். வழிகாட்டி தமிழில் பேசுவது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. பந்திப்பூர்க் காட்டுவழியில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை, ஆகவே மைசூரிலிருந்து பகலிலேயே கிளம்புங்கள்.

புலியைப் பார்ப்பதே குறி என்றால் நாக்பூர் பக்கம் தடோபா, பென்ச், அப்புறம் கன்ஹா. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மழைக்காக அங்கே உள்காடு மூடியிருக்கும். ஏப்ரல், மே வெயில் கடுமையானது, ஆனால் புலி தண்ணீருக்கு இறங்கி வரும் காலம் அதுதான். சஃபாரி முன்பதிவில் கொடுத்த கடவுச்சீட்டையே கையில் வைத்திருங்கள்.

புலி பாதையில் நடந்துபோனால் பின்னாலேயே துரத்தச் சொல்லாதீர்கள். முதுகுப் படம்தான் கிடைக்கும், அதற்கும் தொல்லை. அது போகும் திசையில் முன்கூட்டியே போய் நின்று, இன்ஜினை அணைத்துக் காத்திருக்கச் சொல்லுங்கள். கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். முதல் நாலு படம் எடுத்ததும் ஒரு தடவை லென்ஸைச் சுருக்கி, காட்டோடு சேர்த்து ஒன்று எடுங்கள். அப்புறம் கமராவை மடியில் இறக்கி வைத்து, வெறும் கண்ணால் பாருங்கள்.

ஆறாம் படி: அன்றிரவு

அறைக்குத் திரும்பியதும் மெமரி கார்டை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். மங்கிய படங்களை உடனே அழிக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் சட்டர் வேகம் என்னவென்று பார்த்து ஒரு கொப்பியில் குறித்துவைத்துவிட்டு, பற்றரியைச் சார்ஜில் போடுங்கள். மறுநாள் சஃபாரிக்கு நாலரைக்கு எழும்ப வேண்டும்.