உங்கள் இணையதளத்தின் லாகினை டிஸ்கோர்ஸோடு இணைப்பது எப்படி

சிறு சங்கங்களுக்கும் பயிற்சி மையங்களுக்கும் பிஎச்பியில் இணையதளம் செய்து கொடுப்பது என் தொழில். உறுப்பினர் பட்டியல், சந்தாக் கணக்கு, லாகின் எல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும். அப்புறம் ஒருநாள், உறுப்பினர்கள் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும் என்று கேட்பார்கள். நான் டிஸ்கோர்ஸ் என்கிற விவாத மன்ற மென்பொருளைத்தான் சொல்வேன், அதுவும் அதைச் செய்த நிறுவனமே தன் சர்வரில் நடத்திக் கொடுக்கும் வகையை. நிரலும் சர்வரும் நம் கையில் இல்லை. லாகினை மட்டும் நம் தளம் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கான வழிதான் டிஸ்கோர்ஸ் கனெக்ட்.

இதற்கு ஓஆத், சாம்ல் போன்ற பொது லாகின் நெறிமுறைகள் எல்லாம் வேண்டாமா என்று கேட்பார்கள். உங்களிடம் ஏற்கெனவே அந்த வகையைச் சேர்ந்த ஓப்பன் ஐடி கனெக்ட் சர்வர் ஓடினால் அதையே பயன்படுத்துங்கள். வெறும் யூசர் டேபிளும் லாகின் பக்கமும் உள்ள தளத்துக்கு டிஸ்கோர்ஸ் கனெக்ட் போதும். பிஎச்பியில் ஒரே ஒரு கோப்பு, ஐம்பது அறுபது வரிக்குள் முடிந்துவிடும்.

நடப்பது இதுதான். உறுப்பினர் டிஸ்கோர்ஸில் லாகின் பொத்தானை அழுத்துகிறார். டிஸ்கோர்ஸ் நான்ஸ் என்கிற, ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் குறியை உருவாக்கி, திரும்பி வரவேண்டிய முகவரியையும் சேர்த்து, பேஸ்64 என்கிற எழுத்து வடிவமாக மாற்றி, அதற்கு ஒரு கையொப்பமும் போட்டு உங்கள் தளத்துக்கு அனுப்புகிறது. உங்கள் கோப்பு முதலில் அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது. அப்புறம் உறுப்பினர் உங்கள் தளத்தில் லாகின் செய்திருக்கிறாரா என்று பார்க்கிறது; இல்லையென்றால் லாகின் பக்கத்தைக் காட்டுகிறது. கடைசியாக அதே நான்ஸோடு அவருடைய விவரங்களைக் கட்டி, கையொப்பமிட்டு, திருப்பி அனுப்புகிறது. பாஸ்வேர்டு டிஸ்கோர்ஸ் பக்கம் போவதே இல்லை.

கையொப்பம் என்பது எச்மேக் ஷா-256, அதாவது செய்தியையும் ஒரு ரகசியச் சாவியையும் சேர்த்துக் கணக்கிடும் குறி. இரு பக்கமும் ஒரே ரகசியச் சாவியை வைத்திருக்கும். சாவியை நீங்களாக யோசித்து எழுதாதீர்கள். ரேண்டம் பைட்ஸ் செயல்பாட்டில் 32 பைட் எடுத்து ஹெக்ஸாக மாற்றினால் 64 எழுத்து கிடைக்கும், அதை வையுங்கள். வெப் ஃபோல்டருக்கு வெளியே உள்ள கான்ஃபிக் கோப்பில் இருக்கட்டும், கிட் நிரல் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டாம். இந்தச் சாவி வெளியே போனால், எடுத்தவர் உங்கள் நிர்வாகியின் பெயரிலேயே உள்ளே வரலாம். ஒப்பிடும்போது இரட்டைச் சமக்குறி போதாது, ஹாஷ் ஈக்வல்ஸ் செயல்பாட்டைப் பயன்படுத்துங்கள்.

வரிசை முக்கியம். முதலில் விவரங்களை க்வெரி சரமாக (பெயர்=மதிப்பு என்று & குறியால் கோத்த வரியாக) கட்டுங்கள், அடுத்து பேஸ்64, அந்த பேஸ்64 சரத்தின் மேல் கையொப்பம், அதற்கப்புறம்தான் யூஆர்எல் என்கோடிங். என்கோடிங் முடிந்த சரத்தின் மேல் கையொப்பமிட்டால் டிஸ்கோர்ஸ் ஏற்காது. க்வெரி சரத்தை பிஎச்பியின் புள்ளிக் குறியால் நீங்களே ஒட்டிக் கட்டவும் கூடாது. ஜிமெயில் முகவரியில் கூட்டல் குறி வைத்திருப்பவர் ஒருவர் வருவார். அந்தக் கூட்டல் மறுபக்கம் இடைவெளியாகிவிடும். எச்டிடிபி பில்ட் க்வெரி செயல்பாட்டிடம் கொடுத்தால் அதுவே பார்த்துக்கொள்ளும், தமிழ்ப் பெயர்களையும் சேர்த்து.

இதுவரை சொன்னதெல்லாம் சுலபம். நிதானமாகச் செய்ய வேண்டியது, யாரை யார் என்று சொல்லி அனுப்புகிறீர்கள் என்பதைத்தான்.

எக்ஸ்டர்னல் ஐடி என்று ஒன்று கட்டாயம் அனுப்ப வேண்டும். அங்கே யூசர் டேபிளின் ஐடி எண்ணை வையுங்கள். மின்னஞ்சலை வைக்காதீர்கள், கைபேசி எண்ணையும் வைக்காதீர்கள். நான் வேலை செய்யும் மாடித்தோட்டச் சங்கத்தில் பாதிப் பேருக்கு மேல் ஓய்வுபெற்றவர்கள். அலுவலக மின்னஞ்சலில் பதிந்திருப்பார்கள், ஓய்வுக்குப் பிறகு மகனோ மகளோ புது முகவரி தொடங்கிக் கொடுப்பார்கள். ஐடி எண் அப்படியே இருந்தால் டிஸ்கோர்ஸுக்கு அவர் அதே ஆள்தான். கத்தரிச்செடிக்கு அவர் எழுதிவைத்த குறிப்பெல்லாம் அவர் பெயரிலேயே இருக்கும்.

அடுத்து மின்னஞ்சல். நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல் சரிபார்க்கப்பட்டது என்றே டிஸ்கோர்ஸ் எடுத்துக்கொள்ளும். அந்த எக்ஸ்டர்னல் ஐடியை முதன்முதலாகப் பார்க்கும்போது, அதே மின்னஞ்சலில் அங்கே ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தால் அதோடு இணைத்துவிடும். இப்போது யோசியுங்கள்: உங்கள் தளம் மின்னஞ்சலைச் சரிபார்க்காமல் பதிவுசெய்ய விடுகிறது என்றால், யாரோ ஒருவர் சங்கச் செயலாளரின் மின்னஞ்சலைத் தட்டிப் பதிந்து, செயலாளரின் கணக்குக்குள்ளேயே போய்விடலாம். பழைய தளங்கள் பலவற்றில் இந்தச் சரிபார்ப்பு இருக்காது. அதனால் யூசர் டேபிளில் மின்னஞ்சலைச் சரிபார்த்த தேதிக்கு ஒரு நெடுவரிசை சேருங்கள். அது காலியாக இருக்கும் உறுப்பினருக்கு ரிக்வயர் ஆக்டிவேஷன் என்பதை ட்ரூ என்று அனுப்புங்கள். டிஸ்கோர்ஸே அவருக்கு உறுதிசெய்யும் மின்னஞ்சல் அனுப்பும். இதை முடிக்காமல் நான் எந்தத் தளத்திலும் இணைப்பைத் திறப்பதில்லை.

பெயர் விஷயம் ஒன்று. நேம் என்ற இடத்தில் தமிழில் அனுப்பலாம், அழகாகவே தெரியும். யூசர்நேம் என்ற இடத்தில் தமிழ் எழுத்து வேண்டுமானால் டிஸ்கோர்ஸ் அமைப்புகளில் யூனிகோட் யூசர்நேம்ஸைத் திறந்துவிட வேண்டும். பெயரைக் குறிப்பிட்டு அழைக்கும்போது பதிவில் வருவது யூசர்நேம்தான்; ஆங்கில விசைப்பலகையில் மட்டும் பழகியவர்கள் இருப்பதால் நான் யூசர்நேமை ஆங்கில எழுத்தில் விட்டுவிட்டு, நேமைத் தமிழில் அனுப்புகிறேன். சந்தா கட்டியவர்களுக்கெனத் தனிக் குழு இருந்தால் ஆட் க்ரூப்ஸ், ரிமூவ் க்ரூப்ஸ் இரண்டும் உதவும்.

புதிதாகச் சேருபவரை ஒருமுறை கூடவே இருந்து பாருங்கள். டிஸ்கோர்ஸில் லாகின் அழுத்துகிறார், உங்கள் தளத்துக்கு வருகிறார், கணக்கு இல்லை, பதிவு செய்கிறார், உறுதி மின்னஞ்சலுக்காகக் காத்திருக்கிறார். நான்ஸின் ஆயுள் 10 நிமிடம். அதோடு அது அந்த பிரவுசரோடு கட்டுண்டது; ஜிமெயில் செயலிக்குள்ளேயே இணைப்பைத் திறந்தால் அது வேறு பிரவுசர் மாதிரிதான். பழைய நான்ஸோடு திரும்பிப் போனால் பிழைச் செய்திதான் கிடைக்கும். ஆகவே புதுப்பதிவு முடிந்தவரைப் பழைய நான்ஸோடு அனுப்பாதீர்கள். டிஸ்கோர்ஸ் முகவரியின் பின்னால் செஷன், சாய்கோடு, எஸ்எஸ்ஓ என்று வரும் பாதைக்கு அனுப்புங்கள். அது புது நான்ஸோடு முதலிலிருந்து தொடங்கும், அவர் ஏற்கெனவே உங்கள் தளத்தில் லாகின் ஆகியிருப்பதால் நேரே உள்ளே போய்விடுவார். உங்கள் தளத்தின் மெனுவிலும் இதே பாதையைத்தான் வைக்க வேண்டும், முகப்பை அல்ல.

வெளியேறுவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் தளத்தில் லாகவுட் செய்தால் டிஸ்கோர்ஸில் லாகவுட் ஆகாது, இரண்டும் வெவ்வேறு குக்கீ. டிஸ்கோர்ஸிலிருந்து வெளியேறுபவரை உங்கள் லாகவுட் பக்கத்துக்கு அனுப்ப லாகவுட் ரீடைரக்ட் அமைப்பு இருக்கிறது. எதிர்த்திசைக்கு, நிரல் வழியே டிஸ்கோர்ஸுக்குக் கட்டளையிடும் ஏபிஐ வேண்டும்: எக்ஸ்டர்னல் ஐடியை வைத்து அவருடைய டிஸ்கோர்ஸ் எண்ணைத் தேடி, லாக் அவுட் அழைப்பைச் செய்ய வேண்டும். பொதுக் கணினியில் உட்காருபவர்களுக்கு இது அவசியம். உறுப்பினர் ஒருவரை நீக்கினாலும் இதைச் செய்யுங்கள், இல்லையேல் அவர் பழைய குக்கீயோடு உள்ளேயே இருப்பார். பெயரோ குழுவோ மாறினால் அடுத்த லாகின் வரை காத்திருக்க வேண்டாம். சிங்க் எஸ்எஸ்ஓ என்ற ஏபிஐ அழைப்பு உடனே மாற்றிவிடும்.

இணைப்பைத் திறக்கும் நாளில், டிஸ்கோர்ஸ் கனெக்ட் யூஆர்எல், சீக்ரெட் இரண்டையும் முதலில் நிரப்பிவிட்டு எனேபிளைக் கடைசியாகத் தட்டுங்கள். தட்டியவுடன் அங்குள்ள பழைய பாஸ்வேர்டு லாகினும் கூகுள் லாகினும் மூடிக்கொள்ளும். நிர்வாகியாக ஒரு பிரவுசரில் உள்ளேயே இருந்துகொண்டு, இன்னொரு பிரவுசரில் சாதாரண உறுப்பினராகச் சோதியுங்கள். வெர்போஸ் டிஸ்கோர்ஸ் கனெக்ட் லாகிங்கை அந்த நேரத்துக்கு மட்டும் திறந்து வைத்தால் பிழை எங்கே என்று பதிவில் தெரியும். உங்கள் தளமே விழுந்து நிர்வாகியும் வெளியே மாட்டிக்கொண்டால், முகவரியின் பின்னால் சாய்கோடு, யு, சாய்கோடு, அட்மின், சிறுகோடு, லாகின் என்று தட்டுங்கள். நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு வரும், அதன் வழியே உள்ளே போகலாம். இந்த முகவரியைச் செயலாளருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.