இளவரசர் ஜானின் வாழ்வைத் திரைக்கதையாக எழுதுவது எப்படி?

பின்னாளில் பிரிட்டிஷ் மன்னரான ஐந்தாம் ஜார்ஜுக்கும் மேரிக்கும் 1905 ஜூலை 12 அன்று கடைசிப் பிள்ளையாகப் பிறந்து, நான்கு வயதில் வலிப்பு நோய் கண்டு, 13 வயதில் இறந்துபோனவர் ஜான். இவரைப் பற்றி எழுத முனைபவர், கதை யாருடைய பார்வையில் விரியப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அரண்மனையிலிருந்து தொடங்கினால் மன்னர்களும் போரும் கதையை எடுத்துக்கொள்ள, சிறுவன் ஓரத்துக்குப் போய்விடுவான். ஆகவே, அவனை வளர்த்த செவிலி சார்லட் பில்லின் பக்கத்தில் நின்று எழுதுவதே சரி என்பேன். 'லாலா' என்று அழைக்கப்பட்ட அவர்தான் கடைசிவரை அவனோடு இருந்தவர்.

அடுத்து, காலவரிசையை நேர்மையாக அமைக்க வேண்டும். பிறந்தது முதலே ஜானை அடைத்து வைத்திருந்ததாகக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1911-இல் தந்தையின் முடிசூட்டு விழாவில் அவன் பங்கேற்கவில்லை என்பது உண்மையே. ஆனாலும் 1916 வரை இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலுள்ள சாண்ட்ரிங்ஹாம் பண்ணையில் குடும்பத்தோடு கலந்தே வளர்ந்தான். அதன் பிறகுதான் அதே பண்ணையைச் சேர்ந்த வுட் ஃபார்ம் என்னும் வீட்டில் தனியே குடியமர்த்தப்பட்டான். அணைப்பிலிருந்து ஒதுக்கத்துக்குப் படிப்படியாக நகரும் இந்த மாற்றத்தில்தான் நாடகம் இருக்கிறது. பெற்றோரைக் கொடியவர்களாக்கினால் அது கெட்டுவிடும். வலிப்பை வெளியே சொல்லக் கூசிய காலத்தின் அச்சத்தையும், மகன் மீதிருந்த பாசத்தையும் ஒரே காட்சியில் அவர்களுக்குக் கொடுங்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது வலிப்புக் காட்சிக்குத்தான். அதை ஒருமுறை, சுருக்கமாகக் காட்டினால் போதும். அது முடிந்தபின் குழந்தைக்கு வரும் குழப்பத்துக்கும் களைப்புக்கும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். அக்காலத்தில் வலிப்புக்கு வழக்கமாகத் தரப்பட்ட புரோமைடு மருந்து மந்தத்தையும் தூக்கக் கலக்கத்தையும் உண்டாக்கும் என்பதால், சிறுவனின் தடுமாறும் பேச்சை அறிவுக்குறையாக மட்டும் நடிக்க வைப்பது அநியாயம்.

வுட் ஃபார்ம் நாட்களை வெறும் சோகமாக எழுதக் கூடாது. ஆஸ்துமாவுக்காக இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரிலிருந்து சாண்ட்ரிங்ஹாமிலிருந்த உறவினர் வீட்டுக்கு வந்த வினிஃபிரெட் தாமஸ் என்னும் சிறுமி அவனுக்கு நெருங்கிய தோழியானாள். உடல்நலக் குறைவால் வீட்டைவிட்டு விலகி வாழ நேர்ந்த இரு குழந்தைகள் தம்மைப் பார்த்துப் பரிதாபப்படாமல் விளையாடும் காட்சிகளே படத்துக்கு உயிர் தரும்.

1919 ஜனவரி 18 அன்று கடும் வலிப்பு வந்தபின் உறக்கத்திலேயே அவன் உயிர் பிரிந்தது. அந்த மரணத்தைப் பெரிதாக்காமல், செய்தியறிந்து பெற்றோர் வுட் ஃபார்முக்கு வருவதிலிருந்து எழுதுங்கள். வரைவு முடிந்ததும் ஒரு நரம்பியல் மருத்துவரிடமும், வலிப்போடு வாழும் ஒருவரிடமும் படிக்கக் கொடுத்து, அவர்கள் மறுக்கும் காட்சிகளைப் படப்பிடிப்புக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.