தோட்டத் தொழிலாளர் சிறுநீரகக் கல்லைத் தவிர்க்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலை (எண்ணெய்ப்பனைக் குலை) வெட்டுபவரும் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டுபவரும் விடியுமுன் எழுந்து, நண்பகல் வரை உடம்பு நனைய வியர்த்து உழைக்கிறார்கள். நீர் வியர்வையாகவே போய்விடுவதால் சிறுநீர் குறைந்து அடர்த்தியாகிறது. அதில் உள்ள கால்சியமும், சில உணவுகளில் இருந்து வரும் ஆக்சலேட் என்ற உப்பும் கரைந்திருக்க இடமின்றிப் படிகமாகிக் கல்லாகின்றன.

'தண்ணீர் நிறையக் குடியுங்கள்' என்ற அறிவுரையில் அளவு இல்லாததால் அதைப் பின்பற்ற முடிவதில்லை. எவ்வளவு குடித்தோம் என்பதைவிட எவ்வளவு சிறுநீர் வெளியேறியது என்பதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். இத்தாலியின் பார்மா நகர மருத்துவர்கள், முதல்முறை கல் வந்த 199 பேரை 5 ஆண்டுகள் கவனித்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2 லிட்டருக்கு மேல் சிறுநீர் வரும்படி நீர் அருந்தியவர்களில் 12 விழுக்காட்டினருக்கும், வழக்கம்போல் இருந்தவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் மீண்டும் கல் வந்தது.

உங்கள் அளவை வீட்டிலேயே அறியலாம். ஓய்வு நாளில் காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன்பின் கழிப்பதையெல்லாம், மறுநாள் காலையின் முதல் சிறுநீர் உட்பட, 1.5 லிட்டர் காலிப் புட்டிகளில் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் இருக்கும் நாளிலேயே 2 லிட்டர் எட்டவில்லையென்றால், வெயிலில் நிற்கும் நாளில் நிலைமை இன்னும் மோசம் என்று கொள்ளலாம். வேலை நாள்களில் நிறத்தைக் கவனியுங்கள்: வெளிர் வைக்கோல் நிறம் போதுமானது, அடர் மஞ்சள் என்றால் நீர் போதவில்லை.

பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டத்துக்கு) புறப்படுமுன் 2 குவளை நீர் அருந்துங்கள். 1.5 லிட்டர் புட்டி ஒன்றைப் பத்து மணிக்குள்ளும், இன்னொன்றை வீடு திரும்புவதற்குள்ளும் சிறிது சிறிதாக முடியுங்கள். மாலையில் இன்னும் ஒரு லிட்டரும், இரவில் சிறுநீர் அடர்த்தியாகும் என்பதால் படுக்குமுன் ஒரு குவளையும் தேவை. இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவைப் பின்பற்றக் கூடாது.

குலையிலிருந்து உதிரும் செம்பனைப் பழங்களைப் பொறுக்கும் பெண்கள், காட்டில் ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரையே தவிர்க்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் வருத்தம். நீர் குறைந்தால் கல் மட்டுமல்ல, சிறுநீர்ப்பைத் தொற்றும் வரலாம். அடிக்கடி அத்தொற்று வந்த, குறைவாக நீர் அருந்திய 140 பெண்களிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் கூடுதலாக 1.5 லிட்டர் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறையும் மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று ஏற்பட்டது. ஆகவே வேலையிடத்துக்கு அருகில் மறைவான கழிப்பிடம் கேட்பது சலுகை கேட்பதாகாது, நோய்த்தடுப்பே ஆகும். மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) பெண்கள் சேர்ந்தே கேளுங்கள்.

கல்லில் கால்சியம் இருப்பதால் பாலையும் தயிரையும் விட்டுவிடுவது தவறு. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிணைத்து வெளியேற்றுகிறது. அதே பார்மா குழுவின் 2002 ஆய்வில், கால்சியத்தைக் குறைத்த 60 ஆண்களில் 23 பேருக்கும், கால்சியத்தை வழக்கம்போல் உண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கும் கல் திரும்பியது. குறைக்க வேண்டியவை கருவாடு, ஊறுகாய், உடனடி மீ (நூடுல்ஸ்) ஆகியவையே. நட்சத்திரப் பழச் சாற்றை மருந்தென எண்ணி வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள். அதிலுள்ள மிகுந்த ஆக்சலேட் சிறுநீரகத்தையே பழுதாக்கக்கூடும், சிறுநீரக நோயாளிகளுக்கோ அந்தப் பழம் உயிருக்கே ஆபத்து.

விலாவிலிருந்து அடிவயிற்றுக்கு இறங்கும் வலி வந்தால், முதலில் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குச் சென்று சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ளுங்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை தாமே வெளியேறிவிடும். வலி இருக்கும் நாள்களில் தேநீர் வடிகட்டியில் சிறுநீர் கழித்து, அகப்படும் கல்லைக் காயவைத்து மருத்துவரிடம் கொடுத்தால், அது எவ்வகைக் கல் என்று பரிசோதிக்கலாம். பெரியவற்றை, 1980இல் மியூனிக் நகரில் முதன்முதலாக நோயாளிக்குச் செய்யப்பட்ட அதிர்வலைச் சிகிச்சையாலோ, குழாய்வழிச் செலுத்தும் லேசராலோ உடைக்கிறார்கள்.

வலியோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் இருந்தாலும், சிறுநீர் அறவே நின்றுவிட்டாலும், கல் ஏற்படுத்திய அடைப்பின் பின்னால் கிருமி பெருகி இரத்தத்தில் கலக்கும் அபாயம் உண்டு. அன்றிரவே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள், மறுநாள் பெரட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.