கடைக் கொப்பியை மூடும் வழி

பல தோட்டங்களில் 10ம் திகதி சம்பளம். அன்று மாலையே கடைக்குப் போய் போன மாதக் கணக்கைக் கட்டிவிட்டு, கையில் மிஞ்சிய சில்லறையோடு வீடு திரும்பி, 11ம் திகதி காலையில் பாணுக்கு மறுபடி கடன் எழுதும் கொப்பியை நீட்டுகிறோம். மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் வருடக்கணக்காக இதுதான் நடக்கிறது. இதை ஊதாரித்தனம் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். உழைப்பவர் கையில் காசு இருக்கும் நாள் மாதத்தில் ஒன்றே ஒன்று, அதுவும் முன்பே சாப்பிட்டு முடித்த சாமானுக்குப் போய்விடுகிறது. கையில் காசில்லாதவரால் விலை பார்த்து வாங்க முடியாது. கொப்பி எந்தக் கடையில் இருக்கிறதோ, அந்தக் கடையின் விலைதான் நமக்கு விலை.

முதலில் கொப்பியை ஒரு மாதத்துக்குப் படியுங்கள். கடையில் இருப்பது முதலாளியின் கொப்பி. உங்களிடமும் ஒன்று வேண்டும். பிள்ளையின் பழைய பாடசாலைக் கொப்பியின் பின்பக்கம் போதும். சாமான் எடுத்த அன்றே திகதி, சாமான், அளவு, விலை நான்கையும் எழுதுங்கள். ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "14: பாண் 1, முட்டை 3, சவர்க்காரத் தூள் சின்னப் பக்கட் 1, பிஸ்கட் 1, போன் ரீலோட் 100. 15: பாண் 1, பால்மா சின்னப் பக்கட் 2, சீனி 250 கிராம்." மாதக் கடைசியில் எந்தச் சாமான் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். கணக்கைப் பெருக்குவது அரிசி மூட்டையைவிட, 250 கிராம் 250 கிராமாக எடுத்த சீனியும், பிள்ளை தனியாகப் போய்ச் சொல்லி எடுத்த பிஸ்கட்டும், ரீலோடும்தான். இரண்டு கொப்பியையும் கிழமைக்கு ஒருமுறை முதலாளியுடன் ஒத்துப் பாருங்கள். மாதக் கடைசியில் பார்த்தால் பிழை யாருடையது என்று இருவருக்கும் ஞாபகம் இருக்காது, சண்டைதான் மிஞ்சும்.

இனி கணக்கு. கொப்பியில் மாதம் 30,000 ரூபாய் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் கடைக்கு ஒதுக்குவதும் அதே 30,000. 10ம் திகதிக்கு முன்பே, கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து முதலாளியிடம் பேசுங்கள்: "இந்த 30,000ல பாதிய 10ம் திகதி கட்டுறேன். மத்த 15,000த்த பழைய கணக்குன்னு தனிப் பக்கத்துல எழுதுங்க, மாசம் 2,500 வீதம் ஆறு மாசத்துல தீர்த்துடுறேன்." சம்பள நாளில் கேட்டால் பணம் கொடுக்காமல் இழுப்பதாக நினைப்பார், அதனால்தான் முன்கூட்டி. பழைய கணக்குப் பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

10ம் திகதி 15,000ம் முதல் தவணை 2,500ம் கொடுத்தால் உங்கள் கையில் 12,500 ரொக்கம் நிற்கும். அதைக் கொண்டு கெட்டுப்போகாத சாமான்களைக் காசுக்கு வாங்குங்கள்: அரிசி, சீனி, பருப்பு, பால்மா, சவர்க்காரம், தேங்காய் எண்ணெய். பாண், முட்டை, மரக்கறி மட்டும் இப்போதைக்குக் கொப்பியில் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வெட்டப் பார்ப்பவர்கள் 20ம் திகதிக்குள் திரும்பக் கொப்பிக்கே வந்துவிடுகிறார்கள்.

காசுக்கு வாங்கியதில் விலை வித்தியாசம் 1,250, நிறுத்திய பிஸ்கட் ரீலோட் வகை 1,500, ஆக மாதம் 2,750 மிச்சம் என்று வைத்தால், முதல் மாதக் கொப்பி (30,000ல் மிச்சம் 2,750ம் ரொக்கம் 12,500ம் போக) 14,750ல் நிற்கும். அடுத்த மாதம் 14,500. ஆறு மாதம் இப்படி மெதுவாகத்தான் இறங்கும், அப்போதுதான் பலர் மனம் தளர்ந்து விடுகிறார்கள். பொறுங்கள். ஏழாவது மாதம் தவணை இல்லை, கொப்பி 10,750க்கு விழும். பிறகு 8,000, 5,250, 2,500. 11வது மாதம் பூச்சியம். தீபாவளி முற்பணம் வட்டியில்லாமல் கிடைக்கும் தோட்டமென்றால் அதில் ஒரு பங்கைப் பழைய கணக்கில் போடுங்கள், மாதங்கள் குறையும். ஆனால் முற்பணம் அடுத்தடுத்த சம்பளங்களில் வெட்டப்படும் என்பதை மறந்துவிட்டுக் கணக்குப் போட வேண்டாம்.

காசுக்கு வாங்கும்போது விலையைக் கிராமால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 50 கிராம் சவர்க்காரத் தூள் 30 ரூபாய் என்றால் கிலோ 600 ஆகிறது. அதே தூள் கிலோ பக்கட் 480 என்றால் 120 லாபம். எல்லாச் சாமானிலும் பெரிய பக்கட் மலிவு என்று நினைக்க வேண்டாம், சிலதில் சின்னதே மலிவு. போனில் கல்குலேட்டர் இருக்கிறதே, கடையில் நின்றே போட்டுப் பாருங்கள். பெரிய பக்கட் வந்ததும் கை தாராளமாகிவிடும், அதனால் தூளுக்குள் ஒரு கரண்டியைப் போட்டு வைத்து, ஒரு வாளித் துணிக்கு இத்தனை கரண்டி என்று அளவு வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ பண்டாரவளைக்கோ இறங்கி வாங்குவதென்றால் போக்குவரத்துச் செலவையும் கூட்ட வேண்டும். ஒருவர் தனியாக ஆட்டோவில் போய் வந்தால் லாபம் முழுவதும் ஆட்டோவுக்கே போய்விடும். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) நாலு வீட்டார் சேர்ந்து மாதம் இரண்டு தடவை போனால் கட்டுபடியாகும்.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மே மாதக் கடைசியிலிருந்து விடாமல் பெய்யும்போது லயக் காம்பராவுக்குள் (அறைக்குள்) ஈரம் நிற்கும். கோதுமை மா கட்டி பிடித்துப் பூஞ்சணம் பூக்கும், உப்பு உருகும், சீனி பாறையாகும். அந்த மாதங்களில் மாவை இரண்டு கிழமைக்கு மேல் வாங்காதீர்கள். மூடி இறுகும் டின்னில் போட்டு, அடுப்புச் சூடு படும் தட்டில் வையுங்கள். தரையிலோ சுவரை ஒட்டியோ சாக்கோடு வைத்த சாமான் அரைவாசி குப்பைக்குத்தான் போகும்.

கரண்ட் பில்லில் கவனிக்க வேண்டிய எண் 60. வீட்டுக் கட்டணத்தில் மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் யூனிட்டிலிருந்தே வேறு பட்டியலுக்குப் போய்விடும், நிலையான கட்டணமும் ஏறும். 61 யூனிட் காட்டும் பில் 59 காட்டும் பில்லை விட ஏன் இவ்வளவு கூட என்று குழம்புகிறவர்களுக்குக் காரணம் இதுதான். நாளுக்கு 2 யூனிட் என்று மனதில் வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் கலண்டரில் எழுதுங்கள், ஏழு நாளில் 14ஐத் தாண்டக் கூடாது.

எங்கள் குளிரில் யூனிட்டைக் குடிப்பது வெந்நீர். 15 லீட்டர் தண்ணீரை 18 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க ஏறக்குறைய 0.38 யூனிட் போகும். நாலு பேர் தினம் குளித்தால் மாதம் 46 யூனிட், 60ல் முக்கால் பங்கு குளிப்புக்கே. அதை அடுப்புக்கு மாற்றுங்கள். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கொண்டுவரும் மிலாறை (வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளை) நனையாமல் கூரைக்கடியில் இரண்டு மாதம் அடுக்கிக் காயவிட்டால் புகை குறைவாக எரியும். ஈர மிலாறு சூட்டில் ஒரு பகுதியைத் தன் ஈரத்தைக் காயவைக்கவே செலவழிக்கும், சுவாசத்துக்கும் கெடுதல். தேநீருக்கு ஒவ்வொரு தடவையும் கேத்தலைப் போடாமல் காலையில் ஒரே கொதியில் பிளாஸ்க்கை நிரப்பிவிடுங்கள். இதற்குப் பிறகும் 60ஐத் தாண்டினால் அது பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியாக இருக்கும். தினம் ஒரு யூனிட் அளவில் இழுக்கும் சாமான் அது. நுவரெலியா, இராகலை குளிரில் அது தேவைதானா என்று வீட்டார் உட்கார்ந்து பேசுவது நல்லது.

கொப்பியை மூடுவதற்காகக் கிழமைக் கடன் (பெண்கள் குழுவாக எடுத்துக் கிழமைக்குக் கிழமை கட்டும் கடன்) எடுக்கும் யோசனை யாருக்காவது வந்தால், கையெழுத்துப் போடுமுன் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். 50,000 கடன், 52 கிழமை, கிழமைக்கு 1,200. மொத்தம் 62,400 கட்டுகிறீர்கள், வட்டி 12,400. கிட்டத்தட்ட 25 வீதம்தானே என்பார்கள். ஆனால் அந்த 50,000 வருடம் முழுக்க உங்களிடம் இருப்பதில்லை. ஒவ்வொரு கிழமையும் கடன் தொகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறீர்கள், சராசரியாக உங்கள் கையில் இருப்பது பாதியைவிடக் கொஞ்சம்தான் கூட. ஆகவே உண்மை வட்டி வருடத்துக்கு 45 வீதத்துக்கும் மேல். ஆவணச் செலவு என்று முன்கூட்டியே கழித்தால் இன்னும் கூடும். கடைக் கொப்பிக்கு வட்டி இல்லை. வட்டியில்லாக் கடனை அடைக்க 45 வீதக் கடன் எடுப்பது குடும்பத்தைக் குழியில் தள்ளும் வேலை, குழுவில் மற்றப் பெண்களின் பிணையும் சேர்ந்து உங்கள் தலையில் ஏறும். மரணம், வைத்தியம் என்று தவிர்க்கவே முடியாத தேவை வந்தால், நகையை வங்கியில் அடகு வைப்பதற்கான வட்டியை முதலில் விசாரியுங்கள். தனியார் அடகுக் கடையில் "மாதம் 3 வட்டி" என்றால் வருடம் 36 என்று பெருக்கிப் பாருங்கள்.

சம்பளத் துண்டையும் ஒதுக்கிப் போடாதீர்கள். வேலை செய்த நாளுக்கெல்லாம் பேர் (முழு நாள் சம்பளம்), அரைப்பேர் (அரை நாள்), மேலதிகமாகப் பறித்த கொழுந்துக் கிலோ என்று கலண்டரில் குறித்து, துண்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, முற்பணம் என்று வெட்டியது ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும். குறைந்தால் துண்டோடு அதே கிழமையில் ஒபீசுக்குப் போங்கள், மூன்று மாதம் கழித்துக் கேட்டால் தேடித் தருவது கடினம்.

கொப்பி பூச்சியமான மாதம் முதலாளியிடம் "கணக்குத் தீர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கி அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த மாதத்திலிருந்து 2,750ஐ 10ம் திகதியே தபால் கந்தோரில் சேமிப்புப் புத்தகத்தில் போட்டுவிடுங்கள், வீட்டு டின்னில் வைத்தால் 20ம் திகதிக்குள் தேவை ஒன்று தேடி வரும். ஏப்ரலில் தொடங்கினால் டிசம்பர் முடிய 24,750 சேரும். ஜனவரியில் பிள்ளைகளின் சப்பாத்தும் பையும் அதிலிருந்து வரட்டும்.