கிரப் மெனு வரவில்லையா? போர்மட் அடிக்க ஓடாதீர்கள்

விண்டோஸ் அப்டேட் முடிந்து லெப்டொப் திரும்ப எழும்புகிறது, உபுண்டுவா (லினக்ஸ்) விண்டோஸா என்று கேட்கும் அந்த கிரப் மெனுவைக் காணோம், நேரே விண்டோஸ்தான் வருகிறது. மட்டக்களப்பு டவுனில் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் "போர்மட் அடிக்க வேணும்" என்பார்கள். வேண்டாம். உங்கள் லினக்ஸ் டிஸ்கில் அப்படியேதான் இருக்கும், எதை முதலில் எழுப்புவது என்ற வரிசைதான் மாறியிருக்கும்.

லெப்டொப்பை நிறுத்திவிட்டு, ஒன் பண்ணும்போதே பூட் மெனு கீயைத் தட்டிக்கொண்டிருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. பட்டியலில் உபுண்டு இருந்து, அதைத் தெரிவுசெய்ததும் லினக்ஸ் வந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது; பயோஸுக்குள் (மெஷினின் அடிப்படை செட்டிங் திரை) போய் பூட் வரிசையில் அதை மேலே ஏற்றிவிட்டு சேவ் பண்ணுங்கள்.

மெனு வருகிறது, விண்டோஸைத்தான் காணோம் என்றால் அது வேறு கதை. 2021இல் வந்த கிரப் 2.06 முதல், பக்கத்திலுள்ள மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் தானாக ஓடாது. லினக்ஸிலுள்ள கிரப் செட்டிங் கோப்பில் (/etc/default/grub) ஓஎஸ்-புரோபரின் பெயருள்ள வரியின் முன்னால் நிற்கும் # குறியை அழித்து, கடைசியில் ஃபோல்ஸ் (false) என்று இருப்பதைப் பார்த்துக்கொண்டு, டெர்மினலில் அப்டேட்-கிரப்பை சுடோவோடு (sudo update-grub) ஓட்டினால் சரி.

'செக்யூரிட்டி பொலிசி வயலேஷன்' என்று திரையில் வந்து மெஷின் அணைந்துபோனால், 2024 ஓகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பலருக்கும் வந்த அதே சிக்கல்: நம்பகமான பூட் கோப்புகளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட், லினக்ஸின் பழைய பூட் கோப்பை மறுக்கிறது. செக்யூர் பூட்டை நிறுத்தி, லினக்ஸுக்குள் போய் எல்லாவற்றையும் அப்டேட் செய்துவிட்டு, திரும்பப் போட்டுப் பாருங்கள். ஆனால் செக்யூர் பூட்டில் கைவைக்க முன்னர், விண்டோஸில் பிட்லொக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் வசதி) போட்டிருக்கிறதா என்று பாருங்கள்; போட்டிருந்தால் பிறகு விண்டோஸ் ரிக்கவரி கீ கேட்கலாம். புது விண்டோஸ் 11 மெஷின்களில் நீங்கள் கேட்காமலே போட்டிருக்கலாம். 48 இலக்க ரிக்கவரி கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும், அதைக் கொப்பியில் எழுதி வைத்த பிறகுதான் மிச்ச வேலை.

'கிரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரையில் நின்றுவிட்டதா? லினக்ஸ் இருந்த பார்ட்டிஷனை (டிஸ்கின் பகுதி) அழித்திருப்பீர்கள், இல்லையென்றால் அதன் இலக்கம் மாறியிருக்கும். அந்தத் திரையிலேயே கட்டளை அடித்து மீட்கலாம்தான், ஆனால் உபுண்டு போட்ட பென் டிரைவிலிருந்து பூட் பண்ணி, பூட்-ரிப்பேர் என்ற திருத்தும் மென்பொருளை ஓட்டுவது லேசு. அதற்கு இன்டர்நெட் வேண்டும், போன் டேட்டாவைக் கேபிளால் கொடுத்தால் போதும். பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை தெரியலாம், யூஈஎஃப்ஐ (UEFI) என்று தொடங்குவதையே தெரிவுசெய்யுங்கள். மற்றதிலிருந்து பூட் பண்ணினால் கிரப் பழைய முறையில் பதிந்து, பிரச்சினை இரண்டாகிவிடும். மாரியில் கரண்ட் போய்வந்துகொண்டிருக்கும் இரவில், பற்றரி செத்த லெப்டொப்பில் இதைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

எல்லாம் சரிவந்ததும் விண்டோஸின் பவர் செட்டிங்கில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவில் லினக்ஸிலிருந்து ஒன்றையும் எழுத முடியாமல் போகலாம்.